நாம என்றவர் நாங்க என்றபோது

என் கணவரின் ஊர் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த காலம்வரை, சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஊர்க்காரர்கள் மறியல் செய்தால், தம்பியோடு அவரும் போய் உட்காருவார். 'நம்ம நெலம்' என்றுதான் பேச்சு வரும். பெர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஷிப்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மாறினார்கள். ஒரு வருடத்துக்குள் அவர் பேச்சும் மாறிவிட்டது. யாரும் அவரை விலைக்கு வாங்கவில்லை.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். யோசித்துவிட்டு ஒரு பக்கம் சேர்கிறவர்களைவிட, சேர்ந்துவிட்டு யோசிக்கிறவர்களே அதிகம் என்று வகுப்பில் சொல்வேன். அதை வீட்டுக் கூடத்திலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

போன தையில், ஒரு மறியல் முடிந்த மறுவாரம், கொழுந்தனார் புது அரிசியோடு வந்தார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டே நல்லபடியாகத்தான் பேசினார்கள். "நட்ட பயிர அறுக்கிற வரைக்குமாச்சும் வுடலாம் இல்ல?" என்று என் கணவரே வருத்தப்பட்டார்.

அப்போது இவருடைய ஷிப்டு நண்பர் வந்தார். திருநெல்வேலிக்காரர், தம்பியை முன்பின் பார்த்ததில்லை. "அன்னைக்கு பஸ்ஸ மறிச்சி பாதி ஷிப்டு போச்சு. இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்.

இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அதானே. நாங்க வேலைக்குப் போறதா, வேணாமா?"

கொழுந்தனார் எழுந்து கை கழுவினார்.

"நாங்கன்னா யாருண்ணே?"

இவர் நண்பரை உட்காரச் சொன்னார். "வர்றேன் அண்ணி" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் இவரிடம் மெதுவாகச் சொன்னேன். "உங்க ஃப்ரெண்டு வரலன்னா நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. கூட இருக்கறவங்கள வச்சித்தான் எல்லாருமே பேசறோம்."

"அப்ப எனக்குன்னு ஒரு நெனப்பே கெடையாதா?" என்றார். நான் ஆறுதலாகச் சொன்னது அவருக்குக் குற்றச்சாட்டாகப் பட்டது.

விவரம் தெரிந்ததும் நண்பர் பதறிப்போனார். "ஊருக்கே வந்து பேசறேன்" என்றார். இவர்தான் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அடுத்த மறியல் வந்துவிட்டது. ஒருவர் சாலையிலும் ஒருவர் பஸ்ஸிலும் இருந்தார்கள்.

இப்போதும் கொழுந்தனார் எனக்கு போன் செய்து பிள்ளைகளை விசாரிப்பார். இருவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன? அவர்களை ஒரு பந்தியில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

"அண்ணன்கிட்ட குடுக்கட்டுமா தம்பி?" என்பேன்.

"ஷிப்டு முடிஞ்சி அசதியா இருப்பாரு. இருக்கட்டும் அண்ணி."