சூடு தெரியாத கால்

1. நடந்து வந்தவர்

அந்த வீடியோவை மதுரையில் ஒரு டிரெய்னிங் ஹாலில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். மேடையில் ஒருவர் ரிப்போர்ட் எப்படி அனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ரிப்போர்ட் அனுப்பக் கற்றுக்கொள்ளும் ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. மேசைக்கு அடியில் போனை வைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எழுமலைப் பக்கம் நான் கிராம நர்சாக இருந்த ஊரில் முந்தின நாள் பூக்குழி. அம்மன் கோயில் முன்னால் நெருப்புக் கங்குகளைப் பரப்பி, நேர்ந்துகொண்டவர்கள் வெறுங்காலோடு அதைக் கடப்பார்கள். வீடியோவில் எல்லோரும் ஓடினார்கள். தங்கப்பாண்டி மட்டும் நடந்தார். கடைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்தார். நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் வீடியோவை மறுபடி ஓடவிட்டு அவர் காலை மட்டும் பார்த்தேன்.

தங்கப்பாண்டி குட்டியானை வண்டியில் காய்கறி ஏற்றி மதுரை மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். பல வருஷமாக என்னிடம் சுகர் மாத்திரை வாங்குகிறவர். ஒருமுறை ஒரு கால் செருப்போடு என் ஹெல்த் சென்டரில் வந்து நின்றார். இன்னொன்று வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாதத்தில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் காலைக் காட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "இந்த லோடு முடியட்டும்க்கா" என்பார். அவருக்கு லோடு முடிந்த நாளே கிடையாது.

ஹாலை விட்டு வெளியே வந்து போன் போட்டேன்.

"அக்கா, வீடியோ பாத்தீகளா? அம்புட்டுப் பேரும் ஆத்தா ஆத்தான்னு ஓடுறாங்க, எனக்குச் சில்லுனு இருந்துச்சுக்கா. ஆத்தா எம்மேல எறங்கிட்டான்னு ஊரே கால்ல விழுகுது."

அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக் கேட்டதில்லை. "காலைத் திருப்பிப் பாத்தீங்களா தங்கப்பாண்டி?" என்று கேட்டேன். "எதுக்குக்கா? வலியே இல்லையே" என்றார்.

2. மஞ்சள் கயிறு

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் வந்து திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி பேச்சியம்மாள் என்னை ஓரமாக இழுத்து, "பாயெல்லாம் ஈரமாக் கெடக்கு நர்சம்மா. கால்லருந்து தண்ணியா வடியுது. கேட்டா ஒண்ணுமில்லேங்கிறாரு" என்றாள்.

காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில் தோல் முழுசாக வழன்று, நடுப்பகுதி வெளிறிக் கிடந்தது. சிவப்பாக இருந்தால்கூட மனசு ஆறுதல்படும். வெந்து வெளிறிப்போன இடத்தில் உயிர் இல்லை என்று அர்த்தம். சுகர் பார்த்தேன், மீட்டர் நம்பர் காட்டாமல் 'ஹை' என்று மட்டும் காட்டியது. விரதமென்று ஒரு வேளை சாப்பாடு, அதோடு மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார்.

ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளதைச் சொன்னேன். சூடு தெரியாமல் போனது சுகர் பண்ணின வேலை, காலில் உணர்ச்சி இல்லை, இப்போதே கிளம்ப வேண்டும் என்றேன். அவர் குனிந்து தன் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஆத்தா எம்மேல எறங்கலயாக்கா?"

முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். எத்தனையோ கெட்ட செய்தியைச் சொன்ன வாய் இது. இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அது எனக்குத் தெரியாதுப்பா. காலு வெந்துபோச்சு, அது மட்டும் தெரியும்" என்றேன்.

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, காப்பு. அந்த ஊரில் காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பூக்குழி முடிந்து எட்டாம் நாள் மறுபூசை வைத்து, பூசாரி கயிற்றை அவிழ்த்த பிறகுதான் வெளியே போகலாம். ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மகள் கவிதாவை மேலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குக் கரு தங்காமல் கலைந்துகொண்டே இருந்தது. கடைசியாகத் தங்கிய பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று நேர்ந்திருக்கிறார். பிறந்தது, ஆண் பிள்ளை. "பாதியில காப்ப அத்து, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மக மூஞ்சில எப்பிடிக்கா முழிப்பேன்?" என்றார். பயந்த மனுஷனிடம் என்ன சொல்லி ஜெயிப்பது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

நேரே பூசாரியிடம் போனேன். அவர் முறைப்பார் என்றுதான் நினைத்தேன். "ஆத்தா பெத்த புள்ளைய நொண்டியாக்கவா பாப்பா? நான் இப்பவே அவுத்துவிடுறேன் தாயி, அவன் கைய நீட்டணுமே" என்றார். வந்து கேட்டும் பார்த்தார். தங்கப்பாண்டி கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் போய் டிரெஸ்ஸிங் பண்ணினேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கெஞ்சி வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவர் இன்சுலின் போட்டுவிட்டு, "இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, போயாகணும்" என்றார். தங்கப்பாண்டி தலையாட்டினார். "மறுபூச முடிஞ்சதும் மொத வண்டி நாந்தான் சார்" என்றார்.

பெருவிரல் கறுக்க ஆரம்பித்தது. வாசலில் கால் வைக்கும்போதே வாடை வந்தது. திருநீறு வாங்க வந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அதுதான் ரொம்ப வேதனையாக இருந்தது.

3. கவிதா

மகளுக்குத் தெரியக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். என்னிடம் வாங்கவில்லை. நான் போன் பண்ணினேன்.

பொழுது சாய்வதற்குள் மேலூரிலிருந்து வந்து இறங்கினாள். அதற்குள் நான் பூசாரியையும் கூட்டிவந்திருந்தேன். வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அப்பா மடியில் கிடத்தினாள்.

"பாருங்கப்பா. நல்லா இருக்கான். பால் குடிக்கிறான், ஒதைக்கிறான். இவனுக்கு ஒண்ணும் ஆகாது. கைய நீட்டுங்கப்பா."

அவர் பிள்ளையைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பிறகு நீட்டினார். பூசாரி கயிற்றை அவிழ்த்தார். மறுபூசைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிரேக் மிதிக்கிற கால். "கையால ஓட்டுற வண்டி ஏதாச்சும் இருக்காக்கா?" என்று என்னிடம் கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே விசாரித்தேன். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. காய்ச்சல், மூச்சுத் திணறல், ஐசியு. திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு கவிதா சென்டருக்கு வந்தாள். கையில் பிள்ளை. "நான் புள்ள பெத்ததுக்குத்தான் எங்கப்பா செத்தாரா நர்சம்மா? ஊருல அப்பிடித்தான் பேசுறாக. காப்பப் பாதியில அத்ததுனாலதான்னு வேற சொல்றாக" என்றாள்.

"இல்லம்மா. சுகர்னால செத்தாரு. கால்ல உணர்ச்சி இல்லாததுனால செத்தாரு" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். யூனிஃபார்மோடு அழக் கூடாது என்று எங்களுக்கு டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த ஊரில் வேலை பார்த்ததில்லை.

4. காப்புக்கு முன்னால் கால்

அடுத்த வருஷம் சாமி சாட்டி, திருவிழா நாளை ஊருக்கு அறிவிப்பதற்கு முன்னால் பூசாரியைப் பார்க்கப் போனேன். திருவிழாவை நிறுத்தச் சொல்லி நான் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் அந்த ஊர் அதோடு எனக்குக் கதவைச் சாத்தியிருக்கும். "காப்புக் கட்டுறதுக்கு முந்தி ஒவ்வொருத்தர் காலையும் நான் தொட்டுப் பாக்கணும் பூசாரியண்ணே. உணர்ச்சி இல்லாதவங்களுக்கு வேற நேர்த்தி சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன்.

அவர் உடனே சரி என்றார். ஆனால் காப்புக் கட்டும் நாளன்று ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. கோயிலில் வைத்து ஒரு பொம்பளை காலைத் தொடுவதா என்று ஆம்பளைகள் நெளிந்தார்கள். பூசாரிதான், "தள்ளுங்கப்பா, மொத என் காலப் பாக்கட்டும்" என்று படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அங்கே பூக்குழியில் முதலில் இறங்குகிறவர் பூசாரி.

மோனோஃபிலமென்ட் என்று மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதைப் பாதத்தில் ஊன்றுவோம். ஊன்றும்போதெல்லாம் அவர்கள் 'ம்' சொல்ல வேண்டும். பூசாரி கண்ணை மூடினார். கூட்டம் சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏந்தாயி, இன்னும் ஆரம்பிக்கலயா?" என்று கேட்டார்.

நான் இரண்டு காலையும் பார்த்து முடித்திருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. காலை மடக்கிக்கொண்டு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த வருசம் நான் எறங்கல. ஆத்தாளுக்குப் பொங்க வைக்கிறேன். அடுத்த ஆளு வாங்கப்பா" என்றார். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

புதிதாக இந்த நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒருவரிடம் ஒன்றை விட்டுவிடு என்று சொல்வது சுலபம். விட்டுவிட்டு ஊர் முன்னால் அவர் தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் பார்த்துக் கொடுப்பதுதான் நம் வேலை. அந்த வருஷம் பூக்குழியன்று பூசாரி செருப்பில்லாமல், ஆனால் கங்குக்கு வெளியே, மஞ்சள் தண்ணீர் தெளித்த தரையில் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து இன்னும் சிலர் கூச்சப்படாமல் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். தங்கப்பாண்டிக்கு அப்படிப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது.