தட்டில் வந்த மஸ்கட் கத்தி

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜாங்கத்திடம் போய் அந்த மஸ்கட் கத்தி எப்படி என்று இன்றைக்குக் கேட்டால், "அந்தப் பேச்ச எடுக்காத" என்பார். போன வருஷம் கேட்டிருந்தால் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். கத்தி என்னவோ இரண்டு வருஷமும் ஒரே கத்திதான். மாறியதெல்லாம் மனுஷர்கள்.

ஆள் சிங்கவரத்துக்காரர். சுற்றுவட்டாரத்தில் எவன் கொல்லையில் மோட்டார் மக்கர் பண்ணினாலும் போன் இவருக்குத்தான் வரும். கூடப் பிறந்தது ஒரே அக்கா, விருத்தாம்பாள். அவளை வல்லத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகன் வெற்றிவேலை மடியில் உட்கார வைத்துக் காது குத்தியது, ஐடிஐயில் சேர்த்தது, மஸ்கட் போக ஆளைப் பிடித்தது, ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது எல்லாம் இந்தத் தாய்மாமன்தான். ராஜாங்கத்துக்கு ஒரே மகள், ரஞ்சனி. செஞ்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வெற்றிவேலுக்கு ரஞ்சனிதான் என்று அவள் பிறந்ததிலிருந்தே சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் முறைப்படி யாரும் வந்து கேட்கவுமில்லை, இவர் கொடுக்கிறேன் என்று சொல்லவுமில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டுமா, அக்கா வீடுதானே என்று இருந்துவிட்டார். அங்கேதான் கோட்டை விட்டார்.

போன வருஷம் தை மாசம் வெற்றிவேல் லீவில் வந்தான். அம்மாவும் மகனுமாக ஒருநாள் சிங்கவரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சோப்பு, தைலம், பேரீச்சம்பழம் எல்லாம் ஒரு பையில். அது போக, விருத்தாம்பாள் கையில் துணி மூடிய ஒரு எவர்சில்வர் தட்டு. தெருவே பார்த்தது. வீட்டுக்குள் வந்து துணியை எடுத்தால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. நடுவில் சின்ன அட்டைப்பெட்டி. "ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு வாங்கிக்கங்க" என்றாள். ராஜாங்கமும் அவர் மனைவி சுமலதாவும் கிழக்கே பார்த்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். பெட்டிக்குள் இருந்ததுதான் அந்தக் கத்தி. வெற்றிவேல் மாமனுக்காக வாங்கி வந்தது.

சுமலதா சமையல்கட்டுக்குள் அவரை இழுத்துப் போய், "இன்னாங்க, பூ கூட வச்சிருக்குது, பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன், பாத்தேன். சும்மா இரு" என்றார் ராஜாங்கம். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெண் கேட்கிற வீட்டிலிருந்து முதல் தட்டு இப்படித்தான் வரும். இதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாயந்திரம் வேலை முடிந்து வந்த ரஞ்சனி, பிரிட்ஜ் மேல் இருந்த தட்டைப் பார்த்தாள். அந்த மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் சொன்ன சம்மதம்.

அதிலிருந்து கத்திக்கு வந்தது வாழ்வு. மூடினால் உள்ளங்கையில் அடங்கும். பிரித்தால் நடுவில் பிளேயர், இரண்டு கைப்பிடிக்குள்ளும் கத்தி, ரம்பம், அரம், கத்தரி, ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறக்கிற கொக்கி. ஒரு சுருள் கம்பியும் இருந்தது. அது எதற்கு என்று பல நாள் தெரியவில்லை. செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த ஒருவர் டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு, ஒயின் பாட்டில் மூடியைப் பிடுங்க என்றார். பாட்டில் வாசனையே ஆகாத ராஜாங்கம், "சரி, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது" என்று அதையும் மன்னித்தார். யாராவது கத்தியைப் பார்க்கக் கேட்டால் மேசைமேல் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தி, கத்தரிக்கோல் எதையும் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. முன்பின் தெரியாத ஆளோடு என்ன உறவு அறுந்துவிடப் போகிறது என்று கேட்டால், "பழக்கம்" என்பார்.

நல்லது கெட்டது இரண்டும் அதில் இருந்தது. ஓஸ் பைப்பை வெண்டைக்காய் நறுக்குவதுபோல் நறுக்கியது. எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் பிளேயர் வழுக்காது. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் குட்டை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஆழத்தில் இருக்கும் ஸ்க்ரூவுக்கு எட்டவே எட்டாது. ராஜாங்கம் தன் பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வேலையை முடித்துவிட்டு, கடைசித் திருகலை மட்டும் மஸ்கட்காரனுக்குக் கொடுப்பார். கைப்பிடி முழுக்க இரும்பு, ரப்பர் உறை கிடையாது. கரண்ட் வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. "அந்த ஊர்ல மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கையே வைப்பான். நம்பள மாதிரியா?" என்று அதற்கும் வக்காலத்து வாங்கினார். கத்தியைப் பிரித்தால் நிற்க வைக்கப் பூட்டு இல்லை. ஒருநாள் கேபிளைச் சீவும்போது பட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து, மோட்டார் தகடு கிழித்துவிட்டது என்று பொய் சொன்னார். மருமகன் கொடுத்த கத்தியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. கனம் தாங்காமல் சட்டைப் பை கிழிந்தபோது சுமலதா இரட்டை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

மருமகன் போன் பண்ணுவதும் குறைந்துகொண்டே வந்தது. "வேலை டென்ஷன் இருக்கும்" என்று அதற்கும் அவரே பதில் வைத்திருந்தார்.

சித்திரையில் கலியபெருமாள் என்ற தரகர் பனமலையிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் மின்சார வாரியத்தில் வேலை, கெட்ட பழக்கம் இல்லை, பெண்ணை மருந்துக்கடையில் பார்த்துப் பிடித்துப்போய் அவர்களாகவே கேட்கிறார்கள். ராஜாங்கம் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எங்க அக்கா வூட்டுத் தட்டு வந்து பல நாள் ஆச்சே, உனக்குத் தெரியாதா?" என்று அனுப்பிவிட்டார். கலியபெருமாள் காதில் விழுந்தால் தாலுகா முழுக்க விழுந்த மாதிரி. பனமலைப் பையனுக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

இந்த வருஷம் ஆனி மாசம் விருத்தாம்பாள் தனியாக வந்தாள். ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலுக்கு பொண்ணு பாத்தாச்சு தம்பி. திண்டிவனம். நர்ஸு. அங்கயே மஸ்கட்ல ஆஸ்பத்திரியில இருக்குது. ரெண்டு பேரும் பேசிப் பழகிட்டாங்க. ஆவணியில வச்சுக்கலாம்னு இருக்கறோம். நீதான் முன்ன நின்னு நடத்தணும்."

ராஜாங்கத்தின் கை தன்னால் சட்டைப் பையில் இருந்த கத்திமேல் போனது. சுமலதாதான் கரண்டியோடு வெளியே வந்தாள். "அப்ப எங்க வூட்டுக்கு வந்த தட்டு?"

"எந்தத் தட்டு?"

"கத்தி வச்ச தட்டு. வெத்தல, பாக்கு, மஞ்சள், பூவுன்னு வச்சு நீங்கதானே குடுத்தீங்க?"

"அட கடவுளே. கத்திய எவளாவது கையில குடுப்பாளா? உறவு அறுந்துடும்னுதான் தட்டுல வச்சேன். வெறுந்தட்டு குடுக்கக் கூடாதேன்னு வெத்தல பாக்கு வச்சேன். நீங்க இப்படி அர்த்தம் பண்ணிக்குவீங்கன்னு நான் கண்டனா?"

அவள் சொன்னது நிஜம்தான். கத்திக்குப் பயந்துதான் தட்டு வைத்தாள். ராஜாங்கம் அதை நம்பினார். அதற்கு அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"அன்னிக்கு நீ காணல, சரி. ஒரு வருஷத்துக்கு மேலா ஊரே பேசுச்சேக்கா. பனமலைக்காரன வேணாம்னு சொன்னப்ப நீதானே போன் பண்ண? இன்னாடா அந்த எடத்த விட்டுட்டியாமேன்னு கேட்டியா இல்லியா? அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

விருத்தாம்பாள் ஃபேனைப் பார்த்தாள். "அவன் மனசுல இன்னா இருக்குதுன்னு அப்ப எனக்கே தெரியாது" என்றாள்.

அதாவது, அங்கே அமைந்தால் அங்கே, அமையாவிட்டால் இங்கே ஒன்று இருக்கவே இருக்கிறது என்று கைகாவலுக்கு வைத்திருந்தாள். சொந்தத் தம்பி மகளை. இதற்கு மேல் இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த ரஞ்சனிக்கு எல்லாம் கேட்டது. அத்தைக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டாள். ராஜாங்கத்துக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு ஊர் ரஞ்சனிக்கு ஒரு பேர் வைத்தது. தட்டு வாங்கிய பெண். என்ன காரணமோ, பையன் வேண்டாம் என்று விட்டுவிட்டானே, என்ன குறையோ என்று இழுத்தார்கள். கலியபெருமாள் கடைப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ராஜாங்கத்தின் ஆத்திரம் எல்லாம் கத்திமேல் இறங்கியது. பூட்டு இல்லாத கத்தி, எட்டாத ஸ்க்ரூ டிரைவர், கரண்டுக்கு ஆகாத கைப்பிடி என்று வந்தவன் போனவனிடம் எல்லாம் அளந்தார். விரல் தழும்பையும் இப்போது காட்டினார். "எல்லா வேலையும் ஆரம்பிச்சு வைக்கும். ஒண்ணையாவது முடிக்குதா பாரு" என்பார். திட்டுவது கத்தியையா மருமகனையா என்று கேட்டவர்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். பாவம் அந்த பிளேயர், அப்போதும் அது வழுக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுமலதா கத்தியைக் கிணற்றில் போடச் சொன்னாள். "தூக்கிப் போடறதுக்கு இல்ல அது" என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தார். மாமன் மாலை போடாமல் மாப்பிள்ளை மணவறை ஏறக்கூடாது, அதனால் என்ன செய்கிறார்கள் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டிருந்தார். ரஞ்சனிதான் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

"நீ போ நைனா. நீ போவலன்னா நான் ஏங்கிக் கெடக்கறேன்னு பேசுவாங்க."

திருவண்ணாமலை ரோட்டு மண்டபத்தில் மேளச்சத்தம் காதைப் பிளந்தது. மாமன் மாலை வந்து சேர்ந்தது. சம்பங்கியும் ரோஜாவுமாக நல்ல கனம். பூக்கடைக்காரன் அதை இலையில் சுருட்டி, பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தான். ஆளாளுக்கு நகத்தால் நோண்டிப் பார்த்தார்கள். பல்லால் இழுத்துப் பார்த்தார்கள். கத்தரிக்கோல் எங்கே என்று கூச்சல். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டுவேட்டியில் நின்ற வெற்றிவேல் மாமனைப் பார்த்து, "மாமா, அந்தக் கத்தி வச்சிருக்கியா?" என்றான்.

ராஜாங்கம் கத்தியை எடுத்துப் பிரித்தார். மடங்காமல் இருக்க எங்கே கட்டைவிரலை வைக்க வேண்டும் என்பது இத்தனை நாளில் அவருக்குப் பழகியிருந்தது. ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார். அவன் குனிந்து காலைத் தொட்டான்.

"நல்லா ஒழைக்குதா மாமா?"

"நல்ல கத்திதான்டா. கத்தி மேல கொற சொல்லக் கூடாது" என்றார். அதை மூடி, அவன் பக்கமாக நீட்டினார்.

பக்கத்தில் நின்ற விருத்தாம்பாள் அதைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த வெற்றிலைத் தட்டை அவசரமாக நடுவில் நீட்டினாள். "டேய் தம்பி, தட்டுல வையி."

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு முழம் மல்லிகை. ராஜாங்கம் அதைப் பார்த்தார்.

"தட்டு வேணாம்க்கா. ஒரு தடவ வந்ததே போதும்."

வெற்றிவேலின் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கத்தியை வைத்து, விரல்களை மூடிவிட்டார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கு எதுக்கு மாமா, அங்க வேற வாங்கிக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு மணவறை ஏறினான். விருத்தாம்பாளுக்கு விளங்கியது. நீட்டிய தட்டை இழுத்துக்கொள்ளத் தெரியாமல் அப்படியே நின்றாள். அழலாம் என்றால் மகன் கல்யாணம்.

பந்திக்குக் கையைப் பிடித்து இழுத்தவர்களைத் தள்ளிவிட்டு ராஜாங்கம் மொபெட்டை எடுத்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கல்யாணத்துக்கு வராத சுமலதா மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரஞ்சனி வந்து சட்டையைப் பார்த்தாள். இரட்டை நூல் போட்டுத் தைத்த பை தொளதொளவென்று கிடந்தது.

"கத்தி எங்க நைனா?"

"குடுத்துட்டேன்."

"கையிலயா?"

"கையிலதான்."

அவள் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு உள்ளே போய்த் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து சோறு போட்டாள். மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு இருந்தும், அன்றைக்கு அவள் மூன்று பேருக்கும் சேர்த்தேதான் உலை வைத்திருந்தாள்.