மஞ்சள் கவுன்சிலர்

கலியாண அழைப்பிதழின் மூலையில் மஞ்சள் பூசாமல் யாராவது கொடுப்பார்களா? லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு மரக்கறிக்கடையின் பின்னறையில் வாக்குச்சீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒன்பது வயது. யோசனை வந்தால் கை பொறுக்காது. கடையிலேயே மஞ்சள்தூள் இருந்தது, தண்ணீரும் இருந்தது. குழைத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு மூலையிலும் பூசினேன்.

எங்கள் புறநகரின் நகரசபைத் தேர்தல் அது. ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மாமாவின் பெயரும் ஒரு கட்சியின் பட்டியலில் இருந்தது. வென்றால், சபைக்குள் போகும் முதல் தமிழர் அவர்தான். முதற்சுற்றில் இரண்டு பட்டியல்கள் ஏறக்குறையச் சமமாக வந்திருந்தன. இரண்டாம் சுற்றுக்குத் தமிழரின் வாக்குத்தான் முடிவு என்று கட்சிக்காரர்கள் மாமாவின் தோளைத் தட்டினார்கள்.

இங்கே சீட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோய் வாக்குச்சாவடியில் உறையில் போடலாம். "எங்கடை சனம் அங்கை மேசையிலை பிழையான தாளைத் தூக்கிப்போடும். கையிலை குடுத்துவிடுவம்" என்றார் மாமா. வெள்ளி மாலை அவர் வேலையில் நின்றார். எங்கள் புறநகர்ச் சனம் மரக்கறி வாங்க வந்தபோது கடைக்காரர் பையோடு சீட்டையும் கொடுத்தார்.

"கலியாணத்துக்குக் கூப்பிடுற மாதிரியெல்லே கூப்பிடுறார் உன்ரை மாமா!" என்றார் ஓர் அன்ரி. நான் பூரித்துப்போனேன்.

ஞாயிறு வாக்கு எண்ணுவதைப் பார்க்க மாமா என்னையும் கூட்டிப்போனார். ஒருவர் சீட்டை விரித்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மோந்தார். சிரித்தார். சீட்டில் எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாது என்று அறிவித்தார். இன்னொன்று. இன்னொன்று. "வாக்குப்பெட்டியா, கறிச்சட்டியா?" என்று பிரெஞ்சில் பகிடி விட்டவர் எங்கள் கட்சிக்காரர்தான்.

பதினொரு வாக்கால் தோற்றோம். மஞ்சள் குவியலில் அதைவிடக் கூட இருந்தது.

யார் செய்த வேலை என்று பட்டியலின் தலைவர் கேட்டார். மாமா என் நகங்களைப் பார்த்தார். இரண்டு நாள் கழுவியும் போகாத மஞ்சள். "நான்தான்" என்றார், உடைந்த பிரெஞ்சில். கோயில் வாசலே மிதிக்காத மனுசன்.

அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பேச்சு வாங்காமல் தப்பிய சந்தோஷத்தில் வீடு வரும்வரை பாடிக்கொண்டு வந்தேன். கட்சி அதன்பிறகு மாமாவைக் கூப்பிடவேயில்லை. வாக்கு வீணாய்ப்போன சனமும் அவரைத்தான் பழித்தது. "என்ன மஞ்சள் கவுன்சிலர், சாம்பாருக்கும் நீர்தானோ மஞ்சள் போடுறது?" என்று கடைக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். மாமாவும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று விளங்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அவர் இன்னும் கோப்பைதான் கழுவுகிறார். அன்றிலிருந்து வாக்குப் போடப் போவதேயில்லை.

இந்த முறை பட்டியலில் என் பெயர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, சனம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து அந்தக் கடைக்குப் போகப்போகிறேன். பூசியது என் விரல் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். மாமாவிடம் வாக்குக் கேட்பது அதற்குப் பிறகுதான்.