லிட்டருக்கு ஆறு

ஒரு மனிதனின் வாய்க்குள் ரப்பர் குழாயைத் திணித்து, அவனைப் பெட்ரோல் குடிக்க வைத்தவன் நான். ஆம், நான்தான்! அவன் எதையும் திருடவில்லை. அது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை…

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. எழுபதுகளில், பெட்ரோல் விலை திடீரென்று எகிறிய காலத்தில், செங்கல்பட்டில் என்னிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களை ரயிலடியிலிருந்து ஏற்றிச் செல்லும். ஓட்டியவன் ஆறுமுகம், அங்கே கடலோரக் குப்பத்துக்காரன்.

அந்தக் கார்தான் என் கர்வம். திங்கள்தோறும் டயருக்குக் காற்று, பிளக்குகளுக்கு உப்புத்தாள், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம்… எல்லாம் என் கையால். டேங்கை வாய் வரை நிரப்பி, ஓடிய தூரம் காட்டும் மீட்டரைக் குறித்துக்கொள்வேன். ஓடி வந்ததும் மறுபடி வாய் வரை நிரப்பிப் பார்ப்பேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். ஒன்பதே முக்காலாகக் குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் மீட்டர் நின்றுபோனது. மதராஸில் பழைய சாமான் கடையில் தேடி, ஒரு பழைய மீட்டரை வாங்கி வந்து நானே மாட்டினேன். கண்ணாடி முழுக்க மசகும் அழுக்கும். ஓடுகிறதா? ஓடுகிறது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை பார்த்தபோது லிட்டருக்கு ஆறு!

காற்றைப் பார்த்தேன். பிளக்கைப் பார்த்தேன். எங்காவது ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மறுபடியும் ஆறு. பார்க்காமல் விட்டது நான் மாட்டிய மீட்டரை மட்டும்தான்… என் கை பட்ட பொருளில் குறை இருக்குமா என்ன! அப்படியானால் திருடன் யார்? மதியச் சோற்றுக்குக் குப்பத்தில் வண்டியை நிறுத்துகிறவன் யார்?

கேட்டேன். ஆறுமுகம் நிதானமாகத்தான் சொன்னான்.

“மீட்டருதான் கம்மியா காட்டுது மொதலாளி. ரோட்டோரமா கீற கல்ல எண்ணிப் பாருங்க.”

எண்ணியிருக்கலாம் அல்லவா? பத்தே பத்துக் கிலோமீட்டர் கற்கள்! எனக்கோ அது களவாணியின் சாமர்த்தியமாகப் பட்டது.

ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். வண்டி அவன் வீட்டு வாசலில் நின்றது. டிக்கியைத் திறந்தேன். நீளமாக ஒரு ரப்பர் குழாய்! அவசரத்துக்குப் பெட்ரோல் உறிஞ்சி எடுக்க எந்த டிரைவரின் டிக்கியிலும் ஒன்று கிடக்கும். எனக்கு அது தெரியாதா? தெரியும். அந்தக் கணத்தில் தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிட்ட கையோடு அவன் வெளியே வந்தான். வீல் ஸ்பானரால் முழங்காலில் அடித்தேன். எலும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது… இதையும் மறைக்கப்போவதில்லை.

“நா எடுக்கல மொதலாளி… கொயந்த மேல சத்தியமா எடுக்கல…”

“தெனமும் உறிஞ்சறவன்தானடா நீ? இப்ப உறிஞ்சிக் காட்டு!”

குழாயின் ஒரு முனையை டேங்கில் விட்டு, மறுமுனையை அவன் பற்களுக்கிடையே திணித்து, மூக்கை இறுக்கிப் பிடித்தேன். மூச்சுக்காக அவன் இழுத்தான். பெட்ரோல் ஏறியது. கண்கள் பிதுங்க, உடம்பு வில்லாய் வளைய, இருமலோடு சோறும் ரத்தமும் வெளியே வந்தன. நான் பிடியை விடவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் என் தலைக்கு நேராகத் துடுப்பை ஓங்கினான்.

“இன்னாய்யா பண்ற அவன?”

நான் குழாயைத் தூக்கிக் காட்டினேன். “பெட்ரோல் திருடன்! கையும் களவுமா புடிச்சிட்டேன்!”

துடுப்பு மெல்லத் தாழ்ந்தது. எல்லோரும் ஆறுமுகத்தைப் பார்த்தார்கள். அவன் மனைவி மட்டும் மணலில் உட்கார்ந்து அவன் தலையைத் தாங்கிக்கொண்டாள். அந்தத் துடுப்பு என் மண்டையைப் பிளந்திருக்கக் கூடாதா!

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எட்டாம் நாள், நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது, என்னை அறியாமல் கற்களை எண்ணத் தொடங்கினேன். பத்துக் கல் கடந்தபோது மீட்டர் ஆறுதான் ஓடியிருந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்தேன். அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘மைல்’ என்று இருந்தது.

மைல்! ஆறு மைல் என்றால் பத்து கிலோமீட்டர்தானே… என் வண்டி ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகக் குடிக்கவில்லை.

அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு ஓடினேனா? குப்பத்துக்குப் போய் மண்டியிட்டேனா? இல்லை! மீட்டரைக் கழற்றி, கொளவாய் ஏரியில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று மாதம் கழித்து ஆறுமுகம் என் வீட்டுக்கு வந்தான். நாலடி நடந்தால் நெஞ்சு விசிலடித்தது. வண்டியும் ஓட்ட முடியாது, கடலுக்கும் போக முடியாது. வேலை கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

“குப்பத்துல எம்புள்ளைய திருடன் மவன்னு கூப்டுறாங்க மொதலாளி. அந்த மீட்டர ஒரு தபா பாத்தீங்களா?”

“பாத்தேன்,” என்றேன். “சரியாத்தான் கீது.”

அவன் அதை அப்படியே நம்பினான். என்னைச் சந்தேகிக்கவே இல்லை, பாவி!

“அப்ப பெட்ரோலு எங்கதான் மொதலாளி போச்சு?”

அந்த மழைக்காலத்தைக்கூட அவன் தாண்டவில்லை. அவன் மகனை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்களாம்.

எங்கேயும் போகவில்லை, ஆறுமுகம்! நீ ஓட்டிய தூரத்துக்குத்தான் போயிற்று… அந்தக் குப்பத்தில் நின்று இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். கல் கல்லாக வழி தெரியும். இன்றுவரை நான் போகவில்லை.