செபம் சொன்னவர் வரவில்லை

என் தம்பி கடலிலிருந்து உயிரோடு திரும்பியபோது ஊரே அதைப் புதுமை என்றது. அற்புதத்துக்கு எங்கள் ஊர்க் கோவிலில் அதுதான் சொல். இன்ஜின் பழுதாகி நான்கு நாள் அலைந்த வள்ளத்தை விசைப்படகுக்காரர்கள் சிலர் பார்த்து இழுத்து வந்தார்கள். போனவர்கள் இரண்டு பேர். வந்தவன் இவன் மட்டும். கூடப் போனவர் எங்கள் தெருக்காரர். மூன்றாம் நாள் ஒரு பெரிய அலையில் விழுந்து போனார். உடலும் கிடைக்கவில்லை.

அந்த நான்கு நாளும் இரண்டு வீட்டாரும் மாதா முன்னால் ஒன்றாகத்தான் முழந்தாளிட்டுக் கிடந்தோம்.

பங்குச்சாமியார் நன்றித் திருப்பலிப் பூசையில், மாதா செய்த புதுமைக்கு எல்லோர் முன்னாலும் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். பல வருடங்களாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்கிற வேதபாடம் எடுப்பவள் நான். தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தபோது தம்பியிடம் கேட்டேன்.

"கடல்ல கெடக்கையில மாதாவக் கூப்பிட்டியாலே?"

வெயிலில் தோல் உரிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவருதான் விடாம செபம் சொன்னாருக்கா. என்னையும் சொல்லச் சொன்னாரு. எனக்குத் தோணல. கோவமா வந்துச்சு. வாயத் தொறக்கல."

அதற்குமேல் ஒரு வரி எழுத முடியவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனேன். "சாமி, கேட்டவரு போயிட்டாரு. கேக்காதவன் வந்துட்டான். நான் என்னன்னு சாட்சி சொல்ல?"

"கடவுளோட திட்டம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "எனக்குத் தெரியலம்மா. ஒனக்கு முடியலன்னா சொல்ல வேண்டாம்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அது இதைவிட எளிதாக இருந்திருக்கும்.

சாட்சி இல்லாமலே நன்றித் திருப்பலி நடந்தது. தம்பி பிழைத்து வந்தும் நன்றி சொல்ல வாய் வரவில்லை பார் என்று இரண்டொருவர் என் காதுபடவே பேசினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மதியம் கடலில் விழுந்து போனவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏளா, ஒந்தம்பிகிட்ட எனக்குக் கேக்க முடியல. நீ சொல்லு. அவுக கடைசில செபம் சொன்னாவளா?" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால், என்னை அரிக்கிற அதே கேள்வி அவளையும் பிடித்துக்கொள்ளுமே. ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.

"சொன்னாவ மைனி. நிறுத்தவே இல்லையாம்."

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது போதும்ளா. தனியா போகல அவுக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்னை உடைத்த அதே செய்தி அவளை எப்படி நிமிர்த்தியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தம்பி மறுபடி கடலுக்குப் போகிறான், கோவிலுக்கு வருவதில்லை. நான் அவனை வற்புறுத்துவதும் இல்லை.

இந்த வருடம் மறைக்கல்வி எடுப்பதை விட்டுவிட்டேன். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்கிறேன், அதுவும் உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடவில்லை. ‘விசுவசிக்கிறேன்’ என்று எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சில வரிகளில் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. சில வாரம் அதே வரிகளை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.