இருபத்தேழுக்கு நான் குரல் கொடுக்கவில்லை

இன்று காலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரி மாணவி. தோழியிடம் போனில், "எனக்கும் சேர்த்து பிரசன்ட் சொல்லிடுடி" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏன் தாத்தா, நீங்க சொன்னதே இல்லையா?" என்று சிரித்தாள்.

சொல்லியிருக்கிறேன். அறுபதுகளில் திருச்சியில் படித்தபோது, அறைத்தோழன் சேஷாத்ரிக்காகப் பலமுறை. அவன் எண் இருபத்தேழு.

ஒருநாள் அவன் விடியலில் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனவன் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியர் இருபத்தேழு என்றதும், நான் வாய் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து "பிரசன்ட் சார்" என்று கேட்டது. அவன் குரலேதான்.

நான் இருந்தது கடைசி பெஞ்சு. பின்னால் சுவர்.

மதியம் அவன் உடல் கரை சேர்ந்தது. விடியலிலேயே மூழ்கிவிட்டானாம்.

செத்தவனுக்குக் குரல் கொடுத்தவன் என்று பழி என்மேல் விழுந்தது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். செய்யாததற்கு எழுத மாட்டேன் என்றேன். கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது.

இதையெல்லாம் கேட்டதும் அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். "எனக்குச் சொல்ல வேணாம்" என்று தோழிக்கு மெசேஜ் அனுப்பினாள். காவேரிப் பாலத்தில் பதில் வந்தது. என்னிடம் காட்டினாள்.

"நான் எங்கடி சொன்னேன்? நீதான் பின்னாலேர்ந்து சொன்னியே. எங்க உட்கார்ந்திருக்க?"

ஆற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லி, அவளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபது வருஷமாக என்னை நம்பாதவர்கள் கீழே எழுதலாம். மன்னிப்புக் கடிதமாக இருந்தாலும் வாங்கிக்கொள்வேன்.