குரல் கொடுக்காமல் ஏறியவர்கள்

பகவதியப்பன் புதுக்கடைச் சந்தியில் கட்டிய மூன்று மாடி வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. கொழும்பில் வியாபாரம் செய்து திரும்பிய மனிதர். அங்கே ஒரு குடும்பத்தின் தலைமேல் இன்னொரு குடும்பம் வாழ்வதைப் பார்த்துவிட்டு வந்து, 1934இல் இங்கேயும் அப்படி ஒன்றை எழுப்பி வாடகைக்கு விட்டார். மாடிக்கு ஒரு குடும்பம்; காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மாடிக்கொரு பால்கனி. முன்பக்கம் ரோட்டுப் புழுதி வருமாம், அதனால் அங்கே ஜன்னல்கூட இல்லை; பால்கனி எல்லாம் பின்பக்கம். பின்பக்கத்தில் மனிதர்கள் குடியிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

குடியிருந்தவள் முத்துக்கனி. கருப்பட்டி காய்ச்சி விற்பவள். கணவன் குமாரதாஸ் பனையேறி. புதிய வீட்டின் பின்சுவரை உரசிக்கொண்டு அவர்களுடைய பனை ஒன்று நின்றது. பகல் முழுக்க அடுப்புப் புகையில் வெந்தபின், முற்றத்து மூலையில் ஓலை மறைப்புக்குள் நின்று தலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் அவளுக்கு வாய்த்த ஒரே சுகம். மறைப்புக்குச் சுற்றிலும் ஓலை உண்டு, கூரை கிடையாது. வெயில் விழாவிட்டால் தரை வழுக்கும், ஓலை மக்கும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மேலேயிருந்து பார்க்கக்கூடியவன் பனையேறி ஒருவனே. அவன் மரத்தில் கைவைக்கும் முன் "மரத்துல ஆளு!" என்று கூவுவான், கீழே பெண்கள் சேலையைச் சுற்றிக்கொள்வார்கள். தொண்டை கட்டிய நாளில்கூடக் குமாரதாஸ் தகரத்தைத் தட்டிவிட்டுத்தான் ஏறினான்.

மாடிக்குக் குடிவந்த குமாஸ்தாக்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பால்கனியில் சாய்ந்து நிற்பார்கள். எச்சில் முத்துக்கனியின் முற்றத்தில் விழும். கண் எங்கே விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படித்த நாய்கள்.

முத்துக்கனி நேரே பகவதியப்பனிடம் போனாள்.

"முதலாளி, எனக்கு இனி குளிக்க வழியில்ல. பால்கனிச் சுவர ஆள் ஒசரத்துக்குக் கட்டுங்க. அதுக்கு மேல தொறந்து கெடக்கட்டும்."

"காத்து எல்லாம் போயிரும்லாடீ. நீ ஒனக்க மறப்புக்குக் கூரை போடு."

"நான் இருட்டுல குளிக்கணும், அவனுவ வெளிச்சத்துல நின்னு துப்பணும், அப்படித்தானே?"

அவர் தங்கப்பல் தெரியச் சிரித்தார்.

மறுநாள் ஒரு குமாஸ்தா பால்கனிக்கு வந்ததும் முத்துக்கனி முற்றத்தில் நின்று கூவினாள்: "மரத்துல ஆளு!" பக்கத்து வீட்டுக்காரியும் கூவினாள். வீடு வீடாகக் கூவிச் சந்தை வரை குரல் போனது. மீன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். சில நாளில் ஆண்பிள்ளை ஒருவனும் வெளியே தலைகாட்டவில்லை. ஒரு குடும்பம் வீட்டையே காலி செய்துவிட்டது.

வாடகை போன ஆத்திரத்தில், இனி யாரும் கூவக் கூடாதென்று பகவதியப்பன் மூன்று பால்கனியையும் தரையிலிருந்து கூரை வரை செங்கல் வைத்து அடைத்தார். ஒரு கீற்று வெளிச்சத்துக்குக்கூட இடம் வைக்கவில்லை. இதைச் செய்தவர் தன்னை நாகரிகம் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் மாடியில் ராகேல் இருந்தாள். ஒரு குமாஸ்தாவின் மனைவி, கைக்குழந்தைக்காரி. பால்கனிக்கு வருமுன் "அக்கா, நான்தான்" என்று குரல் கொடுத்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அடைத்தபின் குழந்தையின் துணி உலரவில்லை. ஈரத்துணியைக் கட்டிக் கட்டிப் பிள்ளைக்கு இடுப்பெல்லாம் புண். அந்த அழுகை கீழே முத்துக்கனியின் அடுப்படி வரை கேட்டது.

முத்துக்கனி படியேறிப் போய்ப் பார்த்தாள். நண்பகலில் விளக்கு எரிந்தது. மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்க்கா. கீழ ஒருத்தி கூவுனாள்லா, அவகிட்ட போய்க் கேளுன்னாரு."

"செரி மக்கா. இப்ப எங்கிட்ட கேட்டாச்சுல்லா."

மறுநாள் காலையில் குமாரதாஸ் இடுப்பில் கம்பிப்பாரையைச் செருகிக்கொண்டு சுவரோரப் பனையடியில் நின்றான். "மரத்துல ஆளு!" என்று வழக்கம்போலக் கூவினான். செங்கல்லுக்குப் பின்னாலிருந்து ராகேலின் குரல் வந்தது.

"பிள்ளைய அந்தால உள்ளறைக்கு மாத்திட்டேன் அண்ணா, ஏறுங்க!"

சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. ஆள் உயரத்துக்குக் கீழே தொடாமல், மேல் வரிசைகளை மட்டும் நெம்பித் தள்ளினான். இறங்கும் வழியில் மற்ற இரண்டு மாடிக்கும் அப்படியே செய்தான். பகவதியப்பன் ஓடிவந்து கத்தினார். முத்துக்கனி கூவ, தெருப் பெண்கள் எல்லாரும் கூவ, சந்தையே திரும்பிப் பார்க்க, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

ஆள் உயரச் சுவர், அதற்கு மேல் திறப்பு. முதல் நாளே அவள் கேட்டது இதைத்தான்.

பிறகு புதிதாகக் குடிவந்தவர்களிடம் பகவதியப்பன் சொன்னார்: "வெளிச்சம் வரும், ஒருத்தன் பார்வை விழாது. கொழும்புல பாத்து நானே யோசிச்சுக் கட்டுனது." அதைச் சொல்ல அந்த வாய் கூசவில்லை.

நான் போய் இதைச் சொன்னபோது முத்துக்கனி காறித் துப்பினாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். நல்ல உச்சி வெயில்.